உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி

என் புருஷன் சாராயம் குடித்துத்தான் சாவான் என்று பயந்துகொண்டே இருந்தேன். பக்கத்துக் குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்ததைப் பார்த்த பிறகும், உப்பளத்தில் வேலை முடிந்ததும் சவுக்குத் தோப்புக்குப் போய்ப் பாக்கெட் சாராயம் வாங்குகிறவனை என்ன செய்வது? புகார் கொடுத்தோம். இரண்டு நாள் விற்கிறவனைக் காணோம். மூன்றாம் நாள் அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

எங்களோடு உப்பு வாரும் கிறிஸ்தவ அக்கா ஒருத்தி, சர்ச்சில் கேட்டதைச் சொன்னாள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஒரு பெண் மற்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு சாராயக் கடைக்குள்ளேயே போய் முட்டி போட்டு ஜெபம் பண்ணினாளாம். குடிக்க வந்தவர்கள் வெட்கப்பட்டுக் கலைந்தார்களாம்.

"நம்ம ஆளுங்களுக்கு வெக்கம் வருமாக்கா?" என்றேன்.

"அது வராது. சாவுன்னா பயம் வரும்."

ஜெபம் அவளுக்குத்தான் தெரியும். ஒப்பாரி எங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் வேலை விட்டதும், உப்பு அப்பிய காலோடு ஏழு பேர் தோப்பில் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டோம். எவன் பாக்கெட்டைக் கையில் வாங்கினானோ, அவன் செத்துவிட்டதாக அழுதோம்.

முதல் ஆள் அந்த அக்காவின் கொழுந்தன். "அண்ணி, நிறுத்துங்க" என்று பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினான்.

"யாவாரத்த கெடுக்காதீங்க" என்று சாராயக்காரன் கத்தினான். அவனுக்கும் இரண்டு வரி அழுதோம்.

அப்புறம் என் புருஷன் வந்து ஒரு பாக்கெட் வாங்கினான். "பட்டுப்புடவ எடுத்துத் தந்த ராசாவே, பசிக்க விடாத சாமியே" என்று மாரில் அடித்துக்கொண்டேன்.

அவன் முறைத்தான். "நான் எப்ப உனக்குப் பட்டு எடுத்தேன்?"

"செத்தவன அப்படித்தான்யா பாடணும். உசுரோட இருந்தா உள்ளத பாடுவேன்."

"உள்ளதுன்னா இன்னா?"

"குடிச்சிட்டு மாட்டுத் தொட்டியில விழுந்த மகராசா" என்று அதே ராகத்தில் எடுத்தேன். அழுதுகொண்டிருந்த ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"ஏய், எழுந்து வாடி வீட்டுக்கு!"

"அத கீழ போடு, வரேன்."

போட்டான்.

நிறுத்திவிட்டான் என்றெல்லாம் புளுக மாட்டேன். இடையில் இரண்டு முறை குடித்தான். ஆனால் போன வாரம் தோப்பு வரைக்கும் போனவன், தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். சோறு போடும்போது கேட்டான்:

"அந்த மாட்டுத் தொட்டிப் பாட்டு இன்னும் இருக்குதா?"

"மூணு வரி கூட சேத்திருக்கேன்" என்றேன்.