மறுகா எங்கே வாங்கலாம்?

காத்தான்குடியில் றஸீனா ஆணம் காய்ச்சினால் அந்த ஒழுங்கையின் வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். வாசத்தால் மட்டுமல்ல. அடுத்த நாள் காலையில் சொந்தக்காரர் எல்லாருடைய போனிலும் அவளுடைய குரல் வந்து விழும். தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றினாள், புளியை எவ்வளவு கரைத்தாள், நடுவில் வாசலில் வந்து கூப்பிட்டது யார், அவர்களுக்கு என்ன சுகயீனம், எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் சலாம் சொல்லி முடித்துவிட்டு, உப்பை மறந்துவிட்டேன் என்று இன்னொன்றும் வரும்.

கணவன் சரீபின் தங்கை, அடுத்த வீட்டு நிஸ்மியாதான் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள்.

"மதினி, ஒங்கட வொய்ஸக் கேட்டு முடியிறத்துக்குள்ள எங்கட ஊட்டு ஆணம் அடிப்பிடிச்சிட்டு. எங்கயாச்சும் ஒரு இடத்துல எழுதி வெச்சிடுங்க. வேணுமெண்டவங்க போய்ப் பார்க்கட்டும்."

நிஸ்மியா கேலியாகச் சொன்னது, பகிடி. றஸீனாவுக்குப் பகிடி சட்டென்று பிடிபடாது. யார் எதைச் சொன்னாலும் நேராக எடுத்துக்கொள்ளும் மனசை அல்லாஹ் அவளுக்குக் கொடுத்திருந்தான். அன்று அஸர் தொழுதுவிட்டு நேரே றிஸ்லானின் கொமினிக்கேசன் கடைக்குப் போனாள். போன் திருத்துவதோடு இணையத்தளங்களும் செய்துகொடுப்பவன் அவன்.

"தம்பி, எழுதி வெக்க எனக்கு ஒரு இடம் வேணும்."

அப்படித்தான் 'றஸீனாவின் அடுப்படி' பிறந்தது. றிஸ்லான் நல்ல பிள்ளை. செய்துகொடுத்ததோடு விடாமல் புத்தியும் சொன்னான். ஒரே விசயத்தைப் பற்றி எழுதுங்கள், சமையல் என்றால் சமையல் மட்டும்தான் என்றான். றஸீனா அதை அப்படியே பிடித்துக்கொண்டு இறால் பொரியல், இறால் ஆணம், இறால் சுண்டல், இறால் வடை என்று மாதக்கணக்கில் எழுதினாள். வாவியில் மீனும் நண்டும் இருப்பதை அவனே வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

படத்தை வேறு இடத்தில் எடுத்துப் போடாதீர்கள், சொந்தப் படம்தான் போடவேண்டும் என்றான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் உழைப்பைக் கேட்காமல் எடுப்பது ஹறாம். ஆனால் அவள் எடுத்த படங்களில் சட்டியின் ஓரத்தில் சரீபின் கால் பெருவிரலும் தவறாமல் வந்தது. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு விடாமல் எழுதுங்கள் என்றதற்கு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போனதும் வீடு அமைதி. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்துவதற்கு அந்த அமைதி தேவைப்பட்டது.

"கட்டுரை மாதிரி எழுத வேணாம் ராத்தா. பேசுற மாதிரி எழுதுங்க" என்றும் சொல்லியிருந்தான். அதுதான் அவளுக்கு ஆகச் சுகமான புத்தி.

சண்டை வந்தது தலைப்பில் மட்டும்தான்.

"ராத்தா, வெளியூர்ல ஆரும் ஆணம் எண்டு தேட மாட்டாங்க. குழம்பு எண்டு போடுங்க."

"ஆணத்தப் போய்க் குழம்பெண்டு செல்றதா? பொய்தானே தம்பி அது?"

"ரெண்டு சொல்லையும் போடுங்க. பொய்யும் இல்ல, தேடுறவங்களுக்கும் ஆம்பிடும்."

யோசித்துப் பார்த்துவிட்டு, 'இறால் ஆணம் (குழம்பு என்றும் சொல்வார்கள்)' என்று போட்டாள். சொல்பவர்கள் மேல் பழியைப் போட்டதில் அவளுக்கு மனம் ஆறியது.

வருகைக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. வாசிக்க ஊரே வருகிறது என்று சந்தோசப்பட்டாள். பிறகுதான் றிஸ்லான் தயங்கித் தயங்கிச் சொன்னான், வந்ததில் முக்கால்வாசி அவளேதான் என்று. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தளத்தைத் திறந்து, ஒரு துஆ ஓதி மூடுவது அவள் வழக்கம். மிச்சம் வந்தவர்கள் கத்தாரில் இருக்கும் மருமகன்மார், கொழும்பில் இருக்கும் சாச்சியின் பிள்ளைகள். 'மாஷா அல்லாஹ் மாமி', 'மாஷா அல்லாஹ் ராத்தா' என்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் எழுதியதில்லை.

வருசம் முடிந்தது. காசு கட்டித் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். பிடவைக்கடை வேலை முடிந்து வந்த சரீப் சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்ச பாரு றஸீனா. குடும்பத்துக்கு வெளியில ஒராள், ஒரேயொராள் வாசிச்சிட்டு ஒரு சொல் எழுதட்டும். நான் புதுப்பிச்சித் தாறன். இல்லாட்டி மூடிப்போட்டு பழையபடி வொய்ஸையே அனுப்பு."

நிஸ்மியா பக்கத்தில் இருந்தாள். "பழையபடி வொய்ஸா?" என்றவள் அன்று முதல் தானும் தொழுகையில் துஆக் கேட்கத் தொடங்கினாள்.

றஸீனாவுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டபிறகு அவள் எழுதியதெல்லாம் கடைச் சாமான் சிட்டைகள்தான். சாமான் வந்ததும் அவை குப்பைக்குப் போய்விடும். அவள் எழுதியதில் அழியாமல் நின்றது இது ஒன்றுதான். அதுவும் அவளுடைய பெயரோடு நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது. பொள்ளாச்சியிலிருந்து சுகந்தி என்றொரு பிள்ளை எழுதியிருந்தாள். றஸீனா அதைச் சரீபுக்கும் நிஸ்மியாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"அம்மா, உங்கள் இறால் குழம்புக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். மறுகா மட்டும் கிடைக்கவில்லை. 'மறுகா இறாலைப் போடவும், மறுகா பால் ஊற்றவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டு மருந்துக் கடையிலும் கேட்டுவிட்டேன். மறுகா எங்கே வாங்கலாம்? அதற்குப் பதிலாக மல்லித்தூள் போடலாமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த சரீபுக்குப் புரையேறியது. நிஸ்மியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மதினி, ஒரு கிலோ மறுகா கட்டி அனுப்புவமா? நம்மட ஊர்லதான் மலிவு."

றஸீனா சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கடை கடையாக அலைய விட்டேனே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், எல்லா மறுகாவையும் 'பிறகு' என்று மாற்றத் தொடங்கினாள். இரண்டு குறிப்பை மாற்றிவிட்டு வாசித்துப் பார்த்தால், யாரோ கந்தோர் உத்தியோகத்து ஐயா வந்து அவளுடைய அடுப்பின் முன்னால் நிற்பது போல இருந்தது. திரும்பவும் மறுகாவையே போட்டாள். பிஸ்மி சொல்லிவிட்டு, சுகந்திக்குப் பதில் எழுதினாள்:

"மகள், மறுகா கடையில் விக்கிறதில்லை. எங்கட ஊரில் பிறகு எண்டதை மறுகா எண்டு செல்லுவோம். அதில் ரெண்டு வகை இரிக்கி. அடுப்படியில் மறுகா எண்டால் அடுத்த நிமிசம். ஆம்பிளைகள் வாயில் மறுகா எண்டால் அது எப்ப எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கட ஆணத்துக்கு முதலாவது வகையைப் போடுங்க. மல்லித்தூள் வேணாம்."

சுகந்தி அதைத் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் வேறு யாருக்கோ அனுப்பினார்கள். எங்கெங்கோ ஊர்களிலிருந்து, குடும்பத்தில் இல்லாத பெயர்களில் கருத்துகள் வந்தன. தங்கள் வீட்டு ஆம்பிளைகளிடமும் இரண்டாவது வகைதான் இருக்கிறது என்று பெண்கள் எழுதினார்கள். றஸீனா ஒருவரையும் விடாமல், ஒற்றை விரலால், ஒவ்வொருவருக்கும் சலாமோ வணக்கமோ சொல்லிப் பதில் போட்டாள்.

அந்தக் கிழமையே ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அவள் மெல்லக் கேட்டாள்.

"வெளியில ஆக்கள் வந்திட்டாங்கதானே. பேரப் புதுப்பிப்பமா?"

சரீப் சோற்றைப் பிசைந்தபடி, பழக்கத்தில் சொன்னார். "மறுகா பாப்பம்."

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே கேட்டது. நிஸ்மியா சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். றஸீனா மனுசனுக்கு இன்னும் ஒரு அகப்பை ஆணம் ஊற்றினாள்.

"இது எந்த வகை எண்டு செல்லுங்க. எழுதிப் போடணும்" என்றாள்.

பகிடி விடத் தெரியாதவள் என்றுதான் அவர் அவளை இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். கை கழுவ எழும்பியவர், கழுவிய கை காயுமுன்னே றிஸ்லானுக்குப் போன் எடுத்தார்.