பார்க்கிறதும் படிக்கிறதும்

எங்கள் அச்சகத்தில் யாரும் புரூஃப் படிப்பதில்லை. புரூஃப் பார்ப்போம், அவ்வளவுதான். அதிலும் புள்ளி அக்கா பார்த்தால் பார்த்ததுதான். விட்டுப்போன ஒற்றுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்து வைத்தே அந்தப் பெயர் வந்தது. அடிப்பதும் நான்தான், அவர் போட்ட திருத்தங்களைக் கணினியில் ஏற்றுவதும் நான்தான். அவர் பேனாவைத் திறந்தாலே எனக்குக் கடுப்பாக வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கவிதை என்றால் உயிராம். பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிடுவாராம். இப்போது எந்தப் புதுத் தொகுப்பை எடுத்தாலும் இரண்டாவது வரியிலேயே கை பேனாவைத் தேடுகிறது. பிறந்தநாளுக்கு மகள் ஆசையாக வாங்கித் தந்த புத்தகத்தைக்கூடத் திருத்தி வைத்துவிட்டார். மகள் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இந்தப் பாழாப்போன கண்ணை என்னடி செய்யிறது?" என்று டீ குடிக்கும்போதெல்லாம் புலம்புவார். "இப்ப எழுதுற பிள்ளைங்க என்னமோ புதுசா எழுதுறாங்க. எனக்குப் பிழை மட்டும்தான் தெரியுது. ஒரே ஒரு கவிதையாவது பழையபடி படிச்சிரணும்."

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன பல்லவி அது.

போன மாதம் ஒரு நர்ஸம்மாவின் கவிதைத் தொகுப்பு வந்தது. அக்கா பார்த்து முடித்த முதல் சில பக்கங்களை அவருக்கு அனுப்பினோம். மறுநாளே டூட்டி உடையோடு வந்து நின்றார்.

"'துவைத்த சட்டையிலும் அப்பாவின் மனம்'னு எழுதியிருந்தேன். மணம்னு மாத்தினது யாரு?"

"நான்தாம்மா," என்றார் அக்கா. "சட்டையில மணம்தானே இருக்கும்? மூணு சுழிக்கு ரெண்டு சுழி விழுந்திருச்சுன்னு நினைச்சேன்."

"மணம் துவைச்சதுமே போயிடுச்சுங்க. மேல் வரியைப் படிச்சீங்களா இல்லையா?"

மேல் வரியில் அந்தச் சட்டை, கொடியில் மற்ற துணிகளோடு ஒட்டாமல் ஓரமாக முறைத்துக்கொண்டு தொங்கியது. அப்பாவின் குணம் அப்படியே. அக்கா அந்த வரியிலும் ஒரு புள்ளி வைத்திருந்தார். 

நர்ஸம்மா போனதும் பேனாவை என் மேசையில் விட்டெறிந்தார். "பார்த்துப் பார்த்தே நாசமாப் போனேன். கேட்டாலும் குடுத்துராதே." அழுகையை அடக்கிக்கொண்டு மீதிப் பக்கங்களை எடுத்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் மேசையைத் தட்டியது. கொஞ்ச நேரத்தில் என் பக்கம் நீண்டது. பேனாவை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

"ராட்சசி," என்றார்.

அதற்கப்புறம் மேசை தட்டும் சத்தமும் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அவர் தொடாத டீயில் ஆடை படிந்திருந்தது. அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அன்று ஒரு திருத்தமும் இல்லாமல் பக்கங்கள் என்னிடம் வந்தன. எனக்குக் கொண்டாட்டம்.

சாயங்காலம் முதலாளி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? 'ஜன்னலுக்கு வெளியே மலை பெய்கிறது'ன்னு இருக்கு! மழை எங்க போச்சு? தூங்கிட்டீங்களா?"

அதை அடித்த புண்ணியவதி நான்தான்.  அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் விட்ட முதல் பிழை. கண் கலங்கியது, ஆனால் முகம் வாடவில்லை.

"தூங்கலை சார்," என்றார். "படிச்சிட்டேன்."