முறை மாறிய ஆட்டத்தில் அம்மா பேசவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சேட்டுக்காரர். மீதிப்பேர் சேட்டில்லாதவர். அம்மாவின் இறுதித் திருப்பலியன்று எவரும் சொல்லாமலே ஒரு பகுதியினர் கோவிலின் இடப்பக்கத்திலும் மறுபகுதியினர் வலப்பக்கத்திலும் இருந்தீர்கள். கல்யாண வீடுகளிலும் அப்படித்தான் இருப்பீர்கள். நடுவில் பெட்டியில் அம்மா கிடந்தார். இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் இருப்பது அவருக்குப் பழக்கமான இடம்.

ஓராண்டு நினைவுக்காக அம்மாவின் வாழ்க்கையை எழுத வேண்டியவள் நான். அவருடைய ஒரே பிள்ளை.

அம்மா யாழ்ப்பாணம் இளவாலையில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரர். உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்வு வந்தது. பிறகு படிப்பு இல்லை. அகதியாக முன்பே மொன்றியலுக்கு வந்திருந்த அப்பாவைத் திருமணம் செய்து, ஒரு பங்குனி மாதத்தில், பனிக்குப் பொருந்தாத சப்பாத்துடன் வந்து இறங்கினார். பார்க் எக்ஸ்டென்சனில் மூன்றாம் மாடியில் ஒன்றரை அறை. அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. அம்மா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே நின்றார். விரல்கள் குளிரில் வெடித்து இரத்தம் கசிந்த மார்கழிகளிலும் ஒருநாள் லீவு எடுத்ததில்லை.

அந்த நாட்களில் சமையலறைகளில் வேலைசெய்த எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் பேஸ்போல் விளையாடத் தொடங்கினார்கள். ஒரு கடை முதலாளி விளையாடப் போடும் சட்டையாக ஒன்பது சிவப்புச் சேட்டுகள் வாங்கிக் கொடுத்தார். ஆட்கள் பத்தொன்பது பேர். சேட்டுக் கிடைக்காத பத்துப்பேரும் அன்று மாலையே தனி அணி அமைத்தார்கள். எங்கள் சமூகத்தின் இரண்டு பெரிய கட்சிகளின் வரலாறு இவ்வளவுதான். அடுத்த ஆண்டே அவர்களும் பச்சைச் சேட்டு அடித்துவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை அவர்கள் சேட்டில்லாதவர்தான்.

அப்பா சேட்டுக்காரரின் பந்து எறிபவர். அம்மாவின் தம்பி, என் மாமா, பின்னர் வந்து சேர்ந்தபோது இடம் இருந்தது மற்ற அணியில்தான். அதனால் எங்கள் வீட்டுக்குள்ளும் எல்லைக்கோடு வந்தது. இறுதி ஆட்டம் நடக்கும் வாரத்தில் அப்பா பச்சை மிளகாய்கூட வாங்கமாட்டார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று, "அக்கா, தோக்கிற ஆக்களின்ர வீட்டில தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்பார். "கிடைக்கும் மச்சான், ஆனா உப்புப் போட்டுத்தான்" என்று உள்ளேயிருந்து அப்பாவின் பதில் வரும்.

ஒரே மைதானம், ஒரே நடுவர், ஆனால் ஆட்டப் பதிவு மட்டும் இரண்டு. ஒவ்வோர் அணியும் தன் பதிவே சரி என்றது. யாருடைய பதிவையும் யாரும் ஏற்காததால், இரண்டு அணித்தலைவர்களும் சேர்ந்து வந்து அம்மாவைக் கேட்டார்கள். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: விதிப்புத்தகம் வேண்டும். கிடைத்தது பிரெஞ்சுமொழிப் புத்தகம். அகராதியோடு ஒரு மாரிகாலம் முழுவதும் இருந்து அதைப் படித்து முடித்தார். அம்மா பிரெஞ்சு கற்றது அப்படித்தான். சந்தையில் தக்காளி முடிந்துபோன ஒருநாள், ஆட்டக்காரர் ஆட்டமிழந்ததற்குச் சொல்லும் சொல்லைத் தக்காளிக்குச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் பெண்மணி சிரித்துச் சிரித்துக் கத்தரிக்காய் வாங்கிப் போனாராம்.

பன்னிரண்டு கோடைகள் அம்மா பதிவெழுதும் கதிரையில் இருந்தார். நகரத்தின் பெரிய பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு போன பின்பும் எங்கள் அணிகள் இரண்டும் போகவில்லை. புரோசார்டிலிருந்தும் லவாலிலிருந்தும் பொரித்த ரோல்ஸ் பெட்டிகளோடு குடும்பங்கள் வந்தன. "ஸ்கோர் அக்கா எழுதிட்டா" என்றால் சண்டை முடிந்தது. தன் கணவருக்கு எதிராகவும் தம்பிக்கு எதிராகவும் அம்மா எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். அவர் எதிர்பார்த்த கூலி ஒன்றுதான்: தன் கண்ணை எல்லோரும் நம்ப வேண்டும்.

இனிப் பதினாறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த இறுதி ஆட்டம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பேஸ்போலில் யாருக்குப் பின் யார் அடிப்பது என்று முன்பே பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த முறை மாறி ஒருவர் அடித்தால், எதிரணி அதைக் கண்டுபிடித்து முறையிடலாம். அடித்தது செல்லாமல் போகும். அடுத்த பந்து எறியப்பட்டுவிட்டால் முறையிட முடியாது. இதில் ஒரு கடுமையான விதி உண்டு. கண்டுபிடிப்பது எதிரணியின் வேலை. நடுவர் சொல்லக்கூடாது. பதிவு எழுதுபவரும் சொல்லக்கூடாது.

கடைசிக்கு முந்திய சுற்று. சேட்டுக்காரர் ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றார்கள். மற்ற அணியில் ஆறாவதாக அடிக்க வேண்டிய வசந்தன் அங்கிள், தெருவில் பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறார்கள் என்று கேட்டுக் காரை மாற்ற ஓடியிருந்தார். ஏழாவதான மாமா மட்டையோடு வந்து நின்று அடித்தார். தளங்களில் நின்ற இரண்டுபேர் ஓடி வந்து சேர்ந்தார்கள்; இரண்டு ஓட்டம். ஆரவாரம் அடங்கியதும் அப்பா பந்தைக் கையில் எடுத்தார். அம்மாவின் பக்கம் திரும்பி, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தார். அடுத்த பந்தை எறிந்தார்.

சேட்டுக்காரருக்கு ஆட்டம் அந்த ஒரு ஓட்டத்தால் போனது. ரோல்ஸ் சாப்பிடும்போதுதான் வசந்தன் அங்கிள் மாமாவை ஏசினார்.

"கார் எடுக்கப் போன நேரம் பாத்து என்ர முறையை விழுங்கிட்டியேடா!"

சேட்டுக்காரர் தட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா திகைத்துப்போய், "அத்தான், சத்தியமா எனக்குத் தெரியாது. ஆளைக் காணேல்லை, என்ர முறையாக்கும் எண்டு மட்டையைத் தூக்கினன்" என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் போனார்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப?"

"அவன் மட்டையோட நடந்து வரேக்கையே."

"நான் உம்மைப் பாத்தனான். பந்து என்ர கையில இருக்க உம்மைப் பாத்தனான்!"

"பாத்தீங்கள். இஞ்சேருங்கோ, நான் சொல்லக்கூடாது."

"தம்பி எண்டபடியால் சொல்லேல்லை. அதைச் சொல்லும்!"

நூறு பேருக்கு முன்னால். அம்மா பதிவை முடித்துக் கையொப்பம் வைத்து நடுவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். நான் அப்பாவோடு காரில் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று நானும் அப்பாவின் கட்சிதான்.

அடுத்த கோடையில் இரண்டு அணித்தலைவர்களும் ரோல்ஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா, "ரோல்சை வைச்சிட்டுப் போங்கோ. கதிரைக்கு வேற ஆளைப் பாருங்கோ" என்றார். அதன்பின் அவர் பதிவு எழுதவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார், மாமாவின் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார், இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தினார். பேஸ்போல் மட்டும் பேசவில்லை. அப்பா ஒவ்வொரு விருந்திலும், "எங்கட வீட்டிலயே ஆள் வைச்சுத்தான் என்னைத் தோற்கடிச்சவங்கள்" என்பார். எல்லோரும் சிரிப்பீர்கள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போவார். அதைப் பகிடி என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மாசியில் அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய் என்றார்கள். மென்பொருள் சோதிப்பது என் தொழில். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. மருந்து நேரங்கள், வந்து பார்ப்பவர்கள், சாப்பிட்டவை, வாந்தி எடுத்தவை, தாதியரிடம் கேட்க வேண்டியவை என்று குளிர்பெட்டிக் கதவு முழுக்க ஒட்டினேன். அம்மா அவற்றை வாசித்து, எழுத்துப்பிழை திருத்துவார்.

அந்திமப் பராமரிப்பு இல்லத்துக்குப் போன பிறகு, ஒவ்வொரு பின்னேரமும் அப்பா போனதும் அம்மா என்னிடம் ஒன்று கேட்பார்.

"அப்பா ஏதும் சொன்னவரோ?"

நான் சொல்லுவேன்: காப்புறுதிக் கடிதம் வந்துவிட்டதாம். சுவாமியார் வெள்ளிக்கிழமை வருவாராம். சூப்பில் மிளகு கூடவாம். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். பதினொரு பின்னேரங்கள் அப்படிக் கேட்டார். பன்னிரண்டாம் நாள் காலை, நானும் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் இருக்க, மூச்சு மெல்ல நின்றது.

இந்த மலருக்காகப் படங்கள் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எதிரில் இருந்தார்.

"பிள்ளை, உதில எனக்கும் ரண்டு வரி வேணும்."

"எழுதித் தாங்கோ அப்பா."

"எழுத வராது. சொல்லுறன், நீ எழுது."

அவர் சொன்னார். எழுதி முடித்துவிட்டு, "அம்மா செய்தது சரியெண்டு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமே. நடுவர் விதியை விளங்கப்படுத்தினவர்."

"அம்மாட்டச் சொன்னீங்களோ?"

அப்பா மேசையிலிருந்த படங்களை அடுக்கினார். "சொல்லுவம், பேந்து சொல்லுவம் எண்டு இருந்தன். பேந்து அது பகிடியாப் போச்சு. பகிடியை எப்பிடித் திருப்பி எடுக்கிறதெண்டு தெரியேல்லை."

அப்போதுதான் அந்தப் பதினொரு பின்னேரங்களும் எனக்கு விளங்கின. அப்பாவுக்கு அதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பின்பு சொன்னேன். அவர் அழுததை இங்கே எழுதவில்லை.

அம்மாவைத் தாங்கிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரத்தப் பரிசோதனைகளுக்குக் கூட்டிப்போன வசந்தன் அங்கிளுக்கும், லவாலிலிருந்து நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த மாமிக்கும், அக்காவின் கால்களைப் பிடித்துவிட்டபடியே இரவு வேலைக்கு நேரம் பிந்திய மாமாவுக்கும், சந்தையில் அம்மாவின் இடத்தில் ஒரு மாதம் எவரையும் நிறுத்தாத கடை முதலாளிக்கும், பெயர் தெரியாத தாதியருக்கும், இரண்டு அணிகளுக்கும்.

அப்பாவின் வரிகளைச் சற்று மென்மையாக்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தேன். "வேண்டாம். எவ்வளவு பேருக்கு முன்னால ஏசினனானோ, அவ்வளவு பேருக்கும் போகவேணும். அப்பிடியே போடு" என்றார். அப்படியே போடுகிறேன்:

"அண்டைக்கு என்ர மனுசி தம்பிக்காக வாயை மூடேல்லை. விதிக்காக மூடினவ. அவ செய்தது சரி. நான் பிழை. அது எனக்குப் பதினைஞ்சு வருசமாத் தெரியும்."