தெரிந்தவர் யாராவது உண்டா?

கனடாவில் சட்டம் படித்து முடித்தால் மட்டும் சட்டத்தரணி ஆகிவிட முடியாது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் பயிலுநராக வேலை செய்ய வேண்டும். ஆர்ட்டிக்ளிங் என்பார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் இருந்துகொண்டு, இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்குப் பல நாள் எடுத்தது. விளங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஒருத்தருக்கும் வாய் திறந்து சொல்லிப்போடாதை."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் அண்ணா மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டதுமே அம்மா சந்தோசம் தாங்காமல் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். இடம் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது ஒருவர் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "பெடியன் இப்ப டொக்டரோ?" என்று கேட்பார்கள். தெரியாமல் கேட்பவர்களும் உண்டு, தெரிந்துகொண்டே கேட்பவர்களும் உண்டு. அண்ணா முதலில் கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். பிறகு விமான நிலையத்தில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு மிசிசாகா பக்கம் போய்விட்டான். தொலைபேசியில் மட்டும் கதைப்பான். தன் வாயால்தான் மகனுக்குக் கண்ணூறு பட்டது என்று அம்மா முழுமையாக நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச வாய் வராது.

ஆகவே நான் சட்டம் படிக்கிறேன் என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால், "ஏதோ கம்பசிலை படிக்கிறாள்" என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவார். மூன்று வருடமாக நான் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வர்த்தக நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது, எங்கள் பீடத்தில் மாணவர்களின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்க ஒரு பெண்மணி இருந்தார். என் கடிதத்தை வாசித்தவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அது அப்பாவின் கைவண்ணம். அப்பா யாழ்ப்பாணத்தில் கச்சேரி எனப்படும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுநராக இருந்தவர். விண்ணப்பக் கடிதம் என்றால் தாழ்மையுடன் தொடங்கி, கீழ்ப்படிவுள்ள ஊழியையாக முடிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். "நீங்கள் பிச்சை கேட்கவில்லை, வேலை கேட்கிறீர்கள்" என்றார் அந்தப் பெண்மணி. அப்பாவின் தாழ்மையை எல்லாம் ஒரேயடியாக வெட்டினார். நான் மறைத்து வைத்திருந்தவற்றைத் தோண்டி எடுத்து உள்ளே போட்டார். கோப்பிக் கடையில் வேலைக்கு நின்றது, அகதி விசாரணைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது, இரண்டையும் சேர்த்தார். வீட்டில் இவற்றைச் சொல்லவே கூடாது என்றிருந்தார்கள். அவரோ இவைதான் உங்கள் பலம் என்றார்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "இந்த நிறுவனங்களில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?"

இல்லை என்றேன்.

எல்லாருக்கும் யாராவது ஒருவர் இருப்பார் என்றார். தெரிந்த ஆட்களிடம் எல்லாம் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்களிடம் அவர்கள் சொல்லுவார்கள், உள்ளே இருக்கும் ஒருவர் உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அது இந்தக் கடிதம் முழுவதற்கும் சமம் என்றார். என் வகுப்பில் மற்றவர்களுக்கு மாமா இருந்தார், தகப்பனின் நண்பர் இருந்தார், கோடைக்கால வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். எனக்கு இருந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைக் கோயில்தான். அங்கே வாய் திறக்கத் தடை.

அந்தக் கோயிலில் அம்மாவுக்கு ஒரேயொரு சிநேகிதி இருந்தார். நான் அவரை அன்ரி என்பேன், அம்மா அக்கா என்பார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பூசை தொடங்க முன்னரே வந்து எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். என் கையில் பிரசாதச் சர்க்கரைப் புக்கையை அதிகமாகப் போட்டுவிட்டு, மெலிந்துவிட்டேன் என்று கவலைப்படுவார். டவுன்டவுனில் ஏதோ ஒபிசில் ரைப்பிங் வேலை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எந்த ஒபிஸ் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அவரும் எங்களைப் போல்தான். வேலை, சம்பளம், வருத்தம் எதையும் வெளியில் விட மாட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்ரிக்கு எதற்குப் பெயர்? அவருக்கும் நான் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரில்தான் அறிமுகம். பாஸ்போர்ட்டில் இருக்கும் என் நீண்ட பெயரும், அதன் பின்னால் தொங்கும் அப்பாவின் பெயரும் கோயிலில் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆவணியில் நேர்முகங்கள் நடந்தன. மூன்று நிறுவனங்கள் கூப்பிட்டன. இரண்டில் முதல் சில நிமிடங்களிலேயே விசயம் விளங்கிவிட்டது. மூன்றாவது நிறுவனம் உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஏரி தெரிந்தது. என்னிடம் கேள்வி கேட்டவர் நரைத்த தலையுடன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு மூத்த சட்டத்தரணி. அகதி விசாரணைகளைப் பற்றியே நெடுநேரம் கேட்டார். ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லாதபோது என்ன செய்வாய் என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு இருப்பதைச் சொல்லுவேன் என்றேன். அவருக்குப் பதில் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்னை விரும்புகிறார் என்று உணர்ந்தேன்.

எழும்பும் நேரத்தில் அவர் சொன்னார், "உங்கள் நாட்டுப் பெண் ஒருவர் பல வருடமாக என்னுடன் வேலை செய்கிறார். அவர் பார்க்காமல் நான் ஒரு கடிதம்கூட அனுப்புவதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?" பிறகு ஒரு நீண்ட பெயரை, பழகிய நாக்கால் பிசகில்லாமல் சொன்னார்.

கேள்விப்படாத பெயர். எனக்கு உள்ளே கொஞ்சம் சுள்ளென்றது. ரொறன்ரோவில் எந்த வெள்ளைக்காரரைச் சந்தித்தாலும், தன் பல் வைத்தியரைத் தெரியுமா, தன் ராக்சி ஓட்டுநரைத் தெரியுமா என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்து புறப்பட்டு வந்தோம் என்ற நினைப்பு. "இங்கே எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லாரையும் தெரிந்திருக்க முடியாது" என்று சிரித்தபடி சொன்னேன். அவரும் சிரித்து, அது சரிதான் என்றார். அன்று பின்னேரம் அண்ணாவிடம் தொலைபேசியில் இதை ஒரு கெட்டித்தனமாகச் சொல்லிக் காட்டினேன்.

தெரிவானவர்களுக்கு ஒரு குறித்த நாள் காலையில் எல்லா நிறுவனங்களும் தொலைபேசி எடுக்கும். அந்தக் காலை அம்மா தொலைபேசியைச் சுவாமித் தட்டுக்குக் கீழே இழுத்து வைத்து விளக்கேற்றினார். அந்த மூன்றாவது நிறுவனத்தின் பெயர் அதற்குள் அவருக்குப் பாடமாகியிருந்தது. தேவாரத்தின் நடுவிலும் அதைச் சொல்லி வேண்டினார். அப்பா வேலைக்குப் போகவில்லை. தொலைபேசி ஒருமுறை அடித்தது. அண்ணா, "வந்ததோ?" என்றான். லைனை விடு என்று கத்திவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. வயர் சரியாக இருக்கிறதா என்று அப்பா குனிந்து பார்த்தார். மத்தியானம் அம்மா சோறு போட்டார், யாரும் சாப்பிடவில்லை.

"நல்லகாலம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் அம்மா.

எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது ஒன்றுதான். அழுவதற்குக்கூட வீட்டுக்கு வெளியே எனக்கு ஆள் இல்லை. மாரி முழுவதும் சின்னச் சின்ன ஒபிஸ்களுக்கு எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள், பலர் போடவில்லை. நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்தாற்போல வகுப்பு ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கோப்பிக் கடையில் வார இறுதியோடு வார நாளையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் அன்ரி புக்கையை அதிகமாகப் போட்டு, "படிச்சுப் படிச்சு முகம் வாடிப்போச்சு" என்றார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றிலையும் பழமும் இருந்த ஒரு பை. அஜக்சில் ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டாராம், பால்காய்ச்சலுக்குக் கூப்பிட வந்திருக்கிறார்.

"சொல்லாமல் வாங்கிப்போட்டன் எண்டு கோவியாதை" என்றார் அம்மாவிடம். "திறப்பு கையிலை வரும்வரை ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

"உதெல்லாம் சொல்லுற விசயமே அக்கா?" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அஜக்சில் இருந்து டவுன்டவுனுக்கு எப்படி வேலைக்குப் போவீர்கள் என்று அம்மா கேட்டார். ரெயின் இருக்கு, இறங்கினால் ஒபிசுக்கு நடைதூரம் என்றார் அன்ரி. வீட்டுச் சாவி கையில் வந்த சந்தோசத்தில் இருந்தார். அதனால்தான் இத்தனை வருடமும் சொல்லாத ஒபிசின் பெயரையும் அன்று சொன்னார்.

நான் தேநீர்த் தட்டோடு வெளியே வந்தேன். "அங்கையோ அன்ரி வேலை செய்யிறியள்?"

"ஓம் பிள்ளை, வந்த காலந்தொட்டு அங்கைதான். என்ர லோயர் நல்ல மனிசன். போன ஆவணியிலை ஒரு கதை நடந்தது, கேளுங்கோ. எங்கட பிள்ளை ஒண்டு இன்ரவியூவுக்கு வந்தது. கடைசியா ரெண்டு பேர் நிண்டவை, இடம் ஒண்டு. இவருக்கு எங்கட பிள்ளையிலைதான் விருப்பம், மற்ற லோயர்மார் வேறை ஒரு பெடியனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. பிள்ளையின்ர பேரைக் கடதாசியிலை எழுதிக் கொண்டந்து, தெரியுமோ, என்ன மாதிரியான குடும்பம் எண்டு என்னைக் கேட்டவர். நான் ஒரு சொல்லுச் சொன்னா அவர் அதைக் கொண்டுபோய் அங்கை வைப்பார். எனக்கெண்டா ஆரெண்டே தெரியேல்லை. தெரியாத பிள்ளைக்கு நான் என்னெண்டு பொறுப்பு நிக்கிறது? தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்." அவர் தேநீரை எடுத்துக்கொண்டு சிரித்தார். "அந்தப் பிள்ளையையும் கேட்டவராம், என்னைத் தெரியுமோ எண்டு. அதுவும் தெரியாதெண்டிட்டுதாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒபிசின் பெயரைச் சொல்லி விளக்கேற்றியவர் அவர். ஒரு சொல் மிச்சமில்லாமல் அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

நான் ஏன் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை என்று பிற்காலத்தில் என் கணவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை நான்தான் அன்ரி என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? எனக்கு அப்போதும் இடம் கிடைத்திருக்கவில்லை. உதவக்கூடிய ஒரே ஆள் எங்கள் சோபாவில் இருந்து எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அம்மா, தான் சொல்லித்தான் அண்ணாவின் வாழ்க்கை போனது என்று நம்பியவர். அவர் சொல்லாமல் விட்டதால் என்னுடையது போனது என்பதை அவருடைய ஒரே சிநேகிதியின் முன்னால் நான் எப்படிச் சொல்ல? அவருக்கு வேறு என்னதான் மிஞ்சும்? ஆத்திரம் வந்தது. அம்மா மீதா, அன்ரி மீதா, கெட்டித்தனமாகப் பதில் சொன்ன என் மீதா என்றுதான் தெரியவில்லை.

அன்ரி புறப்பட்டார். நாங்கள் லிஃப்ட் வரை போனோம். பொத்தானை அழுத்திவிட்டு அவர் திரும்பினார்.

"இந்த முறைக்கு விண்ணப்பங்கள் வரத் தொடங்கீட்டுது. அந்தப் பிள்ளையை நினைச்சா எனக்கு மனசுக்கை ஒரு மாதிரித்தான். இனித் தெரிஞ்ச பிள்ளையள் ஆரும் சட்டம் படிச்சா எனக்குச் சொல்லுங்கோ, நான் அவரிட்டைச் சொல்லிவிடுறன். உங்களுக்குத் தெரிய ஆரும் இருக்கினமோ?"

அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எங்களுக்கு ஆரை அக்கா தெரியும்?" என்றார் அம்மா.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வர எப்போதும் நேரம் எடுக்கும். அன்றும் எடுத்தது. மூன்று பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது.