மீன் ஏறாத அடுப்பு

தம்பி அலியார் என் வீட்டுக்குச் சாப்பிட வருவது பகல் லுஹர் தொழுகை முடிந்த பிறகுதான். அன்று வெயில் ஏறுவதற்கு முன்னமே படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றான். நான் கிணற்றடியில் அவனுக்காகத்தான் கீரிமீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் மீனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ராத்தா, மைமூனா மவுத்தாகித்தா."

இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு எழும்பினேன். கால் அவள் வீட்டுப் பக்கம் போகத் தொடங்கிவிட்டது. படலையடியில்தான் கையில் மீன் வாடை இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, கிணற்றடியில் நிற்கும் தேசிக்காய் என்கிற எலுமிச்சை மரத்தில் ஒரு பிடி இலை பறித்து, முழங்கை வரை கசக்கித் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். உயிர் போய் மையத்தாகக் கிடந்தாலும் அவள் முன்னால் அந்தக் கையோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

மைமூனாவை அறிந்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களும் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டதால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். எழுத்துப் பிழையை என் மகள் திருத்தியிருக்கிறாள். சொன்ன விஷயத்தில் கை வைக்க நான் விடவில்லை.

அவள் என் தம்பியின் பெண்சாதி. எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மருதமுனைக் கடற்கரையில் அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். அந்த நாளில் அவள் வைக்கிற மீனாணக் குழம்புக்கு ஊரில் பேர் இருந்தது. அவள் அடுப்பில் புளியாணம் கொதித்தால் என் பிள்ளைகள் போய் வேலியில் தொங்குவார்கள். "ஏன், உங்கட உம்மா இண்டைக்கு ஆக்கல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாள். கொடுத்தது சரி. எனக்குக் கேட்கும்படி அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள்? அதை நான் இன்னும் மறக்கவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் மகன் நவாஸோடு கதைத்ததும் அந்த வேலியால்தான் எனக்குக் கேட்டது.

"வாப்பாட தோணி வாற நேரம் மகன். பன்பையக் கொண்டுபோய்க் கரையில நில்லு. எல்லாத்தையும் வித்துப்போட்டுத்தான் வருவாரு, கறிக்கு நாலு மீன எடுத்து வா."

"எனக்குப் பொரிச்சுத் தரணும் உம்மா."

"முதல்ல கொண்டு வா. மறுகா கதை."

அவ்வளவுதான். பன்புல்லில் பின்னிய அந்தப் பன்பையைத் தலையில் தொப்பி போலக் கவிழ்த்துக்கொண்டு அவன் ஓடினதைக் கண்டவள் நான்.

அலியார் ஆழக்கடலில் நின்றான். அங்கே தண்ணீர் கொஞ்சம் தூக்கி இறக்கியது போல இருந்ததாம், வேறொன்றும் இல்லையாம். அவன் கரைக்கு வந்தபோது கரை இல்லை. மைமூனா தன் மகள் பஸ்மியாவை இழுத்துக்கொண்டு ஓடிப் பள்ளிக்கூட மாடியில் ஏறியிருந்தாள். எங்கள் உம்மாவின் மையத்து பனை வடலிக்குள் கிடைத்தது. கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று ஆட்கள் எங்களுக்கு ஆறுதல் சொன்ன காலம் அது. நவாஸ் கிடைக்கவில்லை. பன்பையும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் ஊரே மீனை விட்டிருந்தது. கடல் மீன் மையத்துத் தின்றது என்று கதை. முகாமில் நிவாரணமாக டின் மீன் தந்தார்கள். பஸ்மியா பசியில் அழுகிறாளே என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"இது நம்மட கடல் மீன் இல்லகா மைமூனா. எந்த நாட்டு மீனோ."

"கடல் ஒண்டுதான் மதினி," என்றாள். டின்னைக் கொண்டுபோய் யாரிடமோ பருப்புக்கு மாற்றி வந்தாள்.

முகாமுக்கு ஒருத்தி ஆறுதல் சொல்ல வந்தாள். பெயரை எழுதமாட்டேன். இதை யாராவது வாசித்துக் காட்டினால் அவளுக்கு விளங்கும். மைமூனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மீனுக்கு அனுப்பாட்டிப் புள்ள இரிந்திரிக்கும். என்ன செய்ற, அல்லாஹ்ட நாட்டம்," என்றாள். சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மைமூனா, பொறுக்கி வைத்த கல்லையெல்லாம் அள்ளித் திரும்ப அரிசிக்குள் போட்டாள். அந்த ஒருத்தியோடு நான் அன்று விட்ட கதை, விட்டதுதான்.

மாதங்கள் போக, ஊர் மீனுக்குத் திரும்பியது. மைமூனா திரும்பவில்லை. கருவாடு இல்லை, சம்பலுக்கு இடிக்க மாசிமீன் இல்லை. கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்று எங்களைப் பெரிய றோட்டுக்கு மேற்கே குடியேற்றினார்கள். அங்கேயும் அவள் வளவு என் வளவுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அல்லாஹ் எங்களைப் பிரிக்க நினைக்கவில்லை.

அந்த வளவெல்லாம் கிறவல் கொட்டி நிரப்பியது. புல்லும் முளைக்காது. மீன் சமைக்காத வீட்டுக்கு வேறு கறி வேண்டுமே. கல்லைக் கொத்தி எடுத்துக் குழி வெட்டினாள். பக்கத்து ஊர் பாண்டிருப்பில் மாடு வளர்த்த தங்கம்மாவிடம் போய்ச் சாணி கேட்டு, சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வந்து கொட்டினாள். யுத்த காலம். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். காவலரணில் மறித்த ஆமிக்காரப் பொடியன் சாக்குக்குள் கம்பியை விட்டுக் கிண்டினான். நான் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றேன். இவள் சாக்கின் வாயை அவனுக்கு நன்றாக விரித்துப் பிடித்தாள்.

"கிண்டு மகன், நல்லாக் கிண்டு. கிண்டினாத்தான் கெதியா உக்கும்."

அவனுக்கு விளங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போ என்று கையைக் காட்டினான். நவாஸ் போன பிறகு நான் அவள் வாயில் கேட்ட முதல் பகிடி அது.

கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் அந்தக் கிறவலில் காய்த்தன. முருங்கை கூரைக்கு மேலே போனது. அவள் முருங்கைக் கீரையைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் அதோடு மட்டும் ஒரு கோப்பைச் சோறு இறங்கும். கத்தரிக்காய்ப் பால்கறியில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் மீன் இல்லாமல் ஒரு புளியாணம் வைத்தாள். வெறும் புளித்தண்ணீர். செத்தவள் என்பதற்காக அதை நல்லது என்று நான் எழுத முடியாது.

என் தம்பி கடலில் வலை இழுக்கிறவன். விடிய விடிய மீனோடு கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கீரை. மெலிந்து போனான். நான் கூப்பிட்டேன், வந்தான், மீனாக்கிப் போட்டேன். கூடப்பிறந்தவனுக்குச் சோறு போட்டதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கும் சொல்ல விடமாட்டேன்.

ஒரு பகல், பின்வாசலால் கீரைக் கட்டோடு மைமூனா வந்தாள். அவன் கோப்பையில் விளைமீன் தலை இருந்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மதினி, என்ட புள்ளையவா நீங்க இவருக்கு ஆக்கிப் போட்டிரிக்கீங்க?"

அவன் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குப் பைத்தியமாகா? நவாஸ் மவுத்தெண்டா கத்தம் ஓதிச் சோறு குடு. ஹயாத்தோட இரிக்கானெண்டா மீனத் தின்னு. ரெண்டுல ஒண்டச் செய்!"

கீரைக் கட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அந்த இரண்டில் ஒன்றையும் செய்யவில்லை. மவுத்தானவர்களுக்கு ஓதும் கத்தத்தை மகன் பேரில் ஓத அலியார் கெஞ்சியும் இணங்கவில்லை. அந்த வருஷ நோன்புக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கஞ்சி கொடுக்கல் வாங்கல் இல்லை. பெருநாளைக்கும் கதை இல்லை. கொஞ்ச நாள் வராமல் நின்ற அலியார், பிறகு ஒளித்து ஒளித்து வரத் தொடங்கினான். வந்தால் போகும்போது சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவுவான்.

மாரி மழை தொடங்கியபோது அவளே என் வளவுக்குள் வந்தாள். கையில் ஒரு தேசிக்கன்று.

"இதக் கிணத்தடியில நடுங்க மதினி."

"எனக்கென்னத்துக்கு? தேசிக்காய் கடையில இல்லையா?"

"காய்க்கில்ல, இலைக்கி. சவுக்காரத்துக்கு மீன் வாடை போகுதில்ல. அவர் பக்கத்துல வந்தா எனக்குக் குடலப் பிரட்டுது. இலையக் கசக்கித் தேச்சாப் போயிரும்."

நான் கையை நீட்டிக் கன்றை வாங்கினேன். அவள் சொன்னதை உடனே கேட்பது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"அப்ப நான் அவனுக்குச் சோறு போடலாமெண்டு சொல்றியா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்களும் கேக்கல்ல," என்றாள். பிறகு போகப் புறப்பட்டவள் நின்று, "உழைக்கிற மனிசன். எனக்காக அவரும் ஏன் சாகணும்?" என்றாள்.

மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கன்றை நட்டேன். அது இலை விட்டு எழும்பும் வரைக்கும் அவள் வளவுத் தேசியிலிருந்து ஒரு கொத்து இலையைப் பகல் நேரத்தில் வேலிக்கு மேலால் எட்டித் தருவாள். நான் வாங்கிக் கிணற்றுக்கட்டில் வைப்பேன். அந்த யோசனை என்னுடையது என்றுதான் அலியாருக்குச் சொல்லியிருந்தேன். தன் பெண்சாதிக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் முடிந்தது என்று றேடியோவில் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். மைமூனா மரவள்ளிக் கிழங்கு அவித்து, முருங்கைக் கீரை சுண்டி, சோறும் கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் புறப்பட்டாள். தங்கம்மாவின் மகனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தச் சண்டை நடந்த வன்னியில் இருக்கிறான் என்று கடைசியாகக் கேள்விப்பட்டது.

"தமிழாக்கள்ட தெருவுக்கு இண்டைக்கா போற?" என்று சந்தியில் ஒருவன் கேட்டான்.

"சாணி வாங்கக்குள்ள நீ கேக்கல்லையே," என்றாள்.

அவளைத் தனியே விட முடியாமல் நானும் போனேன். தங்கம்மா வீட்டு அடுப்பில் பூனை படுத்திருந்தது. சோற்றுக் கட்டைக் கண்டதும் தங்கம்மா சீறினாள்.

"செத்த வீட்டுக்குக் குடுக்கிற மாதிரிக் கொண்டு வந்திரிக்காய். என்ட மகன் சாகல்ல."

"ஓம்கா. என்ட மகனும்தான்," என்றாள் மைமூனா. "தின்னுங்க. பாத்திட்டிரிக்கிறத்துக்கும் உடம்புல பெலன் வேணும்."

தங்கம்மா தின்றாள். அழுதுகொண்டு தின்றாள். மைமூனா அழவில்லை. கிழங்கைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டு வாசலில் அன்று அவளிடம் நான் கேட்டேனே, இரண்டில் எது என்று, அதற்கு அவள் பதில் சொன்னது அந்த வீட்டில்தான்.

பிறகு சீனி வருத்தம் அவள் காலைத் தின்றது. ஆசுபத்திரியில் விரலை எடுத்தார்கள், அடுத்து பாதத்தை எடுத்தார்கள். தோட்டத்துக்குப் போக முடியாமல் வாசலில் கதிரை போட்டு இருந்து பஸ்மியாவை ஏவிக்கொண்டிருந்தாள். போன கிழமை நான் பக்கத்தில் இருந்து காலுக்கு எண்ணெய் தடவும்போது சொன்னாள்.

"மதினி, எனக்குக் கத்தம் ஓதுற அண்டைக்கு அவன்ட பேரையும் சேத்து ஓதச் சொல்லுங்க."

எத்தனை வருஷம் நான் வாய் கிழியக் கேட்டது. எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தேன்.

"இப்ப மட்டும் என்னகா?"

"நான் இரிக்குமட்டும் பாத்திட்டிரிந்தன். நானும் போனா அவன் வாறானா எண்டு பாக்க யாரு இரிக்கா? இனி ஓதுங்க." பிறகு, "மீன் மட்டும் வேணா," என்றாள்.

மையத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வழக்கப்படி அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம் பக்கத்துச் சோறு வரத் தொடங்கியது. முகாமில் அந்தச் சொல்லைச் சொன்னவளும் வந்தாள். பெரிய சட்டி நிறைய மீனாணம். தெருவெல்லாம் மணம். நான் படலையில் போய் நின்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளோடு வாய் திறந்தேன்.

"இது மைமூனாட வாசல். மீன் ஏறாது."

"மையத்துத்தான் போயித்தே. இனி யாருக்கு?"

"எனக்கு," என்றேன்.

சட்டியோடு திரும்பிப் போனாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். சொல்லட்டும்.

நேற்றுக் கத்தம் ஓதினோம். ஆலிம் இரண்டு பெயரையும் சேர்த்து ஓதினார். நவாஸ் என்ற பெயர் வந்தபோது அலியார் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான். அவள் வளவுக் கத்தரிக்காயில் நான் பால்கறி வைத்தேன். அவள் கைக்கு வரவில்லை. பஸ்மியா முகம் சுளிக்காமல் தின்றாள். ஆளை மதிக்கத் தெரிந்த பிள்ளை.

அவளுடைய கத்தரி விதையும் பயிற்றை விதையும் என்னிடம் சாம்பலில் இருக்கின்றன. மழைக்குப் போடுவேன். "உங்கட உம்மா ஆக்கல்லையா" என்று கேட்ட கோபமும் இருக்கிறது, அதையும் நான் விடப்போவதில்லை. கிணற்றடித் தேசி இருக்கிறது.

இன்று பகல் அலியார் வந்தான். கீரிமீனாணம் வைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றான். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் ஒரு பிடி இலை பறித்தான். முழங்கை வரை கசக்கித் தேய்த்துக் கழுவினான். கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். போதாது போல, இன்னொரு பிடி பறித்தான்.

நான் இன்னொரு வாளி தண்ணீர் இறைத்து வைத்தேன்.