‘சரி’ என்று வந்த பதில்

அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. சர்வர் அறை கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் ஆக்சிஜன் உருளைகள் வைக்கும் கூண்டுக்கும் நடுவில் இருந்ததால், எல்லாருக்கும் அவள் கீழ்த்தளத்து அக்கா. பதினேழு வருஷமாக அங்கேயே இருந்தாள். வெளியில் மழை பெய்கிறதா என்பதைக்கூடப் படியிறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அவளுக்கு மேலதிகாரி அவளுடைய கொழுந்தன், கணவரின் ஒரே தம்பி. படித்துவிட்டு மூன்று வருஷம் வீட்டில் சும்மா கிடந்தவனை, இயக்குநரிடம் நடையாய் நடந்து உள்ளே சேர்த்துவிட்டதே அவள்தான். அவன் வாய்ச் சாமர்த்தியம் உள்ளவன். மாடியில் நடக்கும் கூட்டங்களில் பேசிப் பேசியே எட்டு வருஷத்தில் கணினிப் பிரிவின் தலைவனாகிவிட்டான். வீட்டில் வாய் நிறைய ‘அண்ணி’ என்பவன், வேலையிடத்தில் அவளை எப்படியும் கூப்பிட மாட்டான். ‘இங்க பாருங்க’ என்றுதான் ஆரம்பிப்பான். அவளுக்கும் அவனை ‘சார்’ என்று சொல்ல நாக்கு வளையவில்லை. மொட்டையாகவே பேசிப் பழகிவிட்டாள்.

ஸ்கேன் பிரிவில் ஒரு படம் முழுதாக உருவாக முக்கால் மணி நேரம் ஆகிறது என்று டாக்டர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சர்வரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று தீர்மானமாயிற்று. சர்வர் என்பது பார்வைக்கு ஒற்றை இரும்புப் பெட்டிதான். அதற்குள் பதினான்கு கணினிகள், ஒரே வீட்டில் பதினான்கு குடித்தனம் மாதிரி, ஒன்றை ஒன்று அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன. ரத்த வங்கிக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று. கார்டைச் செருகப் பெட்டியை அணைக்க வேண்டும். அணைக்கும் முன் எல்லாக் குடித்தனங்களையும், அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துப் பெட்டிக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டு வாரம் அவளுக்கு அதே வேலை. பக்கத்துப் பெட்டியில் பதினொன்றுக்குத்தான் இடம் இருந்தது. மற்ற மூன்றில் எதை நிறுத்தலாம் என்று கேட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். எங்களுடையதைத் தொடாதீர்கள் என்று எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். கடைசியில் நூலகரும் பயிற்சிப் பிரிவும் இறங்கி வந்தார்கள். யாருடையது என்றே தெரியாத ஒன்றை அவள் பொறுப்பிலேயே நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்தாள். எடுத்த பிரதி திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தாள். பெட்டியின் மூடியைக் கழற்றி, கார்டு உட்காரப்போகும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள்.

அப்போதுதான் ஒன்று உதைத்தது. கார்டுக்கு மின்சாரம் கொடுக்க, அந்தப் பெட்டிக்கென்றே செய்த கேபிள் வேண்டும். கடையில் கிடைக்கிற கேபிளும் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும், முனையும் பொருந்தும். உள்ளே கம்பிகளின் வரிசைதான் வேறு. அதைச் செருகினால் சர்வரின் பலகையே கருகிப்போகும். கேபிளின் எண்ணையும் படத்தையும் சேர்த்துக் கொழுந்தனுக்கு மெயில் எழுதினாள். இது வராமல் கார்டைப் பொருத்த வேண்டாம் என்று கடைசி வரியில் அழுத்திச் சொன்னாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ‘சரி.’ அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவே பதினொன்றையும் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை கார்டு வந்தது, கேபிள் வரவில்லை. பதினொரு மணிக்கு இயக்குநரும் ஸ்கேன் டாக்டரும் பார்க்க வருவதாக இருந்தது. இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கார்டு கொண்டுவந்த கம்பெனி ஆள் தன் பையிலிருந்து ஒரு கேபிளை உருவினார்.

“இது அந்தக் கேபிள் இல்ல. போர்டு கருகிடும்னு எழுதியிருந்தேன்” என்றாள்.

“முனை பொருந்துதுல்ல, அப்புறம் என்ன?” என்றான் கொழுந்தன். கம்பெனி ஆளைப் பார்த்து, “இவங்க எதையும் பூதக்கண்ணாடி வச்சுத்தான் பாப்பாங்க” என்று சிரித்தான். அவரும் சிரித்து வைத்தார்.

பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆய்வக முடிவுகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று மேலே போய்ப் பார்த்துவரச் சொன்னான். தன்னை அப்புறப்படுத்துகிறான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அது நோயாளிகள் விஷயம். போனாள். முடிவுகள் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் படியிறங்கும்போதே தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கம்பெனி ஆள் பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். கொழுந்தன் ஒரு ஃபைலை எடுத்துப் புகையை விசிறிக்கொண்டிருந்தான்.

மேலே ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை. எல்லாம் பக்கத்துப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு வாரம் பட்ட பாடுதான் அவன் மானத்தைக் காப்பாற்றியது.

புதன்கிழமை விசாரணை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முன்தயாரிப்பு முழுவதும் அவள் பொறுப்பு, கேபிளைப் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கொழுந்தன் எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்த கையோடு அன்று மாலை வீட்டுக்கும் வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“நீங்க கவனிக்காம விட்டுட்டேன்னு சொன்னா கண்டிச்சு விட்டுடுவாங்க அண்ணி. எனக்குன்னா வேலையே போயிடும்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவன் போன பிறகு கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“மெயில் எல்லாம் உன் கையிலதானே இருக்கு? ரெண்டு பக்கமும் அழிச்சிட்டா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல?”

“அவன் என் தம்பி” என்றார் அவர். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோலப் போய்ப் படுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் தன்னோடு வாழ்ந்த மனிதர், தன் கையாலேயே தன் கழுத்தில் கத்தி வைக்கச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஆறவில்லை.

புதன்கிழமை மெயிலையும் பதிலையும் அச்செடுத்து மேசையில் வைத்தாள். இயக்குநர் இரண்டு முறை படித்தார். “இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அந்த நேரத்துல ஏம்மா மாடிக்குப் போனீங்க?” என்று கேட்டார். அனுப்பினார், போனேன் என்றாள். அந்த அறையில் அது சாக்குப்போக்கு மாதிரித்தான் ஒலித்தது. இருவருக்கும் எழுத்தில் கண்டிப்பு வந்தது. கொழுந்தனை நகரின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். அதே பதவி, ஜன்னல் வைத்த அறை.

இரண்டு மாதத்தில் புதுப் பெட்டி வந்தது, சரியான கேபிளும் வந்தது. அவள் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். கார்டு ஓடியது. நாலே நிமிஷத்தில் ஸ்கேன் படம் வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டினார்கள். அதில் இயக்குநரும் ஸ்கேன் டாக்டரும் கம்பெனி ஆளும் நின்றார்கள்.

கொழுந்தன் குடும்பம் அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கணவர் மட்டும் ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அவன் உன்ன மன்னிச்சிட்டானாம்” என்றார்.

“எதுக்குன்னு சொன்னானா?” என்று கேட்டாள்.

அதை அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை.