ஸ்டீயரிங் பாக்ஸ் தேடி ஆற்காடு வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு நான் ஆம்பூர் பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மேரி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. என் வேனில் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் பன்னிரண்டு பெண்களில் அவள் ஒருத்தி. பதினோரு வருடமாகத் தையல் மெஷினில் வேலை. அந்தக் கை உடைந்தது என் வண்டியில்தான்.

அது நடந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊர்ச் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு சரிவு உண்டு. அன்று காலை அங்கே பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரை போய்விட்டது. எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். கால் சுற்று சும்மா சுற்றிய பிறகே சக்கரம் திரும்பியது. புளியமரத்தில் மோதி நின்றோம். நெடுஞ்சாலைக்கு இருபது அடி இருந்திருக்கும். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மேரிக்கு மணிக்கட்டு எலும்பு இரண்டாகிவிட்டது.

இருபது வருடத்துக்கு மேல் ஆன டீசல் வேன் அது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. பெடலை மிதித்தால் பிரேக்குக்கு எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸையும் மாற்றாமல் சாவியைத் தர மாட்டேன் என்று மெக்கானிக் பாஷா பாய் சொல்லிவிட்டார். ஆம்பூர், வாணியம்பாடிக் கடைகளில் கிடைக்கவில்லை. வேலூர் போய்த் தேடப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் மேரி தானும் வருவதாகச் சொல்லியனுப்பினாள். எதற்கு இந்தக் கையோடு அலைய வேண்டும் என்று பஸ் நிலையத்தில் கேட்டேன்.

"நீங்க இன்னா வாங்குறீங்கன்னு என் கண்ணால பாக்கணும்ணா. சர்ச்சுக்குக்கூட போகாம வந்திருக்கேன்."

பஸ்ஸில் ஏறி இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ஏழே காலுக்குப் பள்ளிகொண்டாவில் இறங்கினோம். நெடுஞ்சாலை ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பழைய வண்டிகளை உடைக்கும் இடம் ஒன்று. என் வேனைப் போலவே ஒன்று அங்கே இருந்தது, முன்பக்கம் டிரைவர் சீட்டு வரை நசுங்கி. ஸ்டீயரிங் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, இரண்டாயிரம் கொடுங்கள் என்றார் அங்கிருந்தவர். மேரி குனிந்து அந்த நசுங்கிய தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது எதில் மோதியது என்று கேட்டாள். தெரியாது என்றார் அவர். நான் மண்ணெண்ணெய்த் துணியால் பாக்ஸைத் துடைத்தேன். வார்ப்பில் முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. நகத்தை வைத்தால் தட்டியது. விரிசல். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஜன்னலோரம் மேரி, பக்கத்தில் நான். தண்ணீர் பாட்டிலின் மூடியை ஒரு கையால் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். திறந்து கொடுத்தேன். அந்த நேரத்தில் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. விபத்துக்கு நான்கு நாள் முன்பிருந்தே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பாஷா பாயிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. பஸ் வேலூருக்குள் நுழைந்தது. சொல்லாமலே இறங்கினேன்.

ஞாயிறு என்பதால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த நான்கிலும் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, பூச்சி அரித்த ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். உள்ளே கிரீஸ் காகிதம் பிரிக்காத மாஸ்டர் சிலிண்டர். இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. பல வருடம் கிடந்ததால் உள்ளே ரப்பர் இறுகியிருக்கும், அதை மாற்றாமல் பூட்டக் கூடாது என்று சொல்லி, ரப்பர் செட் தனியாக முந்நூற்றிருபதுக்குக் கொடுத்தார். அதை எங்கே போடுவார்கள் என்று மேரி கேட்டாள். அவர் சிலிண்டரைத் திறந்து அவளுக்குக் காட்டினார். ஸ்டீயரிங் பாக்ஸ் அவரிடம் இல்லை. இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்து பார்த்துவிட்டு, ஆற்காட்டில் ஒரு வீட்டில் அதே மாடல் வேன் ஓடாமல் நிற்கிறது என்று விலாசம் எழுதித் தந்தார்.

மதியம் ஒன்று நாற்பதுக்கு ஆற்காடு. பாலாற்றுப் பக்கம் போகும் சந்தில், வேப்பமரத்தடியில் வேன் நின்றிருந்தது. டயர்கள் காற்றிறங்கி மண்ணில் பதிந்திருந்தன. மோதிய அடையாளம் எங்கும் இல்லை. வீட்டுக்காரம்மா பெயர் ஷமீம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் தொழிற்சாலைகளுக்குத் தோல் ஏற்றிய வண்டியாம். நெஞ்சுவலியில் அவர் போய் ஆறு வருடம். எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"ஆளு ஏத்தற வண்டியா, சரக்கு ஏத்தறதா?"

ஆள் என்றேன். அவர் மேரியின் கட்டைப் பார்த்தார்.

"இந்தம்மா கை அந்த வண்டிலதானா? பிரேக்கு திடீர்னு போயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"இல்லம்மா. நாலு நாளாவே பெடல் எறங்குச்சு. ரெண்டு வாட்டி மிதிச்சா புடிக்கும். ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம்னு ஓட்டிட்டேன்."

மேரி என் பக்கம் திரும்பவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஷமீம் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னா சொல்றது? கை உன்னோடது. நீ சொல்லும்மா. குடுக்கவா, வேணாமா?"

மேரி எழுந்து வேனிடம் போய் நின்றாள். அவள் பேசியபோது குரல் உயரவே இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா பன்னெண்டு பேரும் பஸ்ல போயிருப்போம்ணா."

பிறகு ஷமீமைப் பார்த்துச் சொன்னாள். "கழட்டச் சொல்லுங்கக்கா. வண்டி இல்லன்னா எங்களுக்குத்தான் பேஜாரு. காலைல ரெண்டு பஸ்ஸு மாறி ஓடறாங்க எல்லாரும். ஆனா இனிமே தினமும் நாங்க ஏறதுக்கு முன்னாடி பிரேக்க நான் மிதிச்சுப் பாப்பேன். இவரு வார்த்தைய நம்ப மாட்டேன்."

சரி என்றேன்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். கழற்றும் முன், ஸ்டீயரிங் சும்மா சுற்றாமல் உடனே சக்கரத்தை அசைக்கிறதா என்று பார்க்க மேரி சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நான் உள்ளே ஏறி ஸ்டீயரிங்கை இரண்டே விரலால் லேசாக நகர்த்தினேன்.

"அசையுது" என்றாள். "அந்தப் பக்கம்."

நகர்த்தினேன்.

"அசையுது."

கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார் ஷமீம், கொடுத்தேன். கையால் பிடிக்கும் வட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அது தன் கணவர் பிடித்தது என்றார். மெக்கானிக் அதைத் துடைத்து டிரைவர் சீட்டின்மேல் வைத்தார்.

ஐந்து இருபதுக்குத் திரும்பும் பஸ். பாக்ஸைச் சாக்கில் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் அதற்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட் போட்டார். மேரி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்பூரில் இறங்கி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

பாஷா பாயிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்தது. முதலில் நான் மட்டும் ஏலகிரி மலைக்கு ஓட்டிப் போய், பதினான்கு வளைவும் ஏறி இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் ஊர் முனையில் பெண்களிடம் நான்கு நாள் விஷயத்தை நானே சொன்னேன். மேரி மாவுக்கட்டோடு டிரைவர் சீட்டில் ஏறி, பெடலை மிதித்துப் பிடித்து, முப்பதுவரை வாய்க்குள் எண்ணினாள். பெடல் இறங்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். கை தேறும்வரை மேரிக்குக் கம்பெனியில் எண்ணிக்கை பார்க்கும் வேலை.

கலைவாணி மட்டும் ஏறவில்லை. அவளுக்கு இரண்டு குழந்தைகள். இன்றும் அவள் இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் அவள் நிற்பதைப் பார்க்கிறேன். அங்கே வேகத்தைக் குறைப்பேன். ஹாரன் அடித்துக் கூப்பிடுவதில்லை.